வீங்கிய தாடைக்கு வீங்காத ஒரு மாதிரி: 3டி ஸ்லைசரில் செய்த வேலை

கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு 3டி பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சொட்டுநீர்க் குழாய்க்கு இணைப்பு, உடைந்துபோன மிஷினுக்கு மாற்றுப் பாகம், கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட் என்று வழக்கமான வேலைகள்தான் வரும். படித்தது பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்பதால், பாலக்காட்டில் இருக்கும் ஒரு தாடை அறுவை சிகிச்சை டாக்டர் அவ்வப்போது கூப்பிட்டுப் பேசுவார். இந்த முறை அவர் கேட்டது ஒரு கீழ்த்தாடை மாதிரி. அதைச் செய்த விதத்தையும், எந்த இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதில் இறங்க நினைக்கும் பல் மருத்துவ மாணவர்களுக்கும், என்னைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கும் பயன்படும். நோயாளியிடம் சம்மதம் வாங்கியாயிற்று. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அவர் வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பு வேலை பார்ப்பவர். இடது கீழ்த்தாடையில் வருஷக்கணக்காக வலியே இல்லாத வீக்கம். பயாப்ஸி எடுத்ததில் அமெலோபிளாஸ்டோமா என்று வந்தது. பல் உருவாக்கும் திசுவின் மிச்சத்திலிருந்து கிளம்பும் கட்டி இது. புற்றுநோய் போல உடம்பெங்கும் பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருக்கும் இடத்தில் எலும்பை உள்ளிருந்து அரித்து, வெளிப்பக்கமாக ஊத வைத்துவிடும். வெறுமனே சுரண்டி எடுத்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். அதனால் சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் சேர்த்தே வெட்டி எடுப்பார்கள். வெட்டிய பிறகு இரண்டு பக்க எலும்பையும் ஒரு டைட்டானியம் பிளேட் இணைத்துப் பிடித்துக்கொள்ளும்.

வீக்கம் இல்லாத தாடையாக இருந்தால் வேலை சுலபம். வெட்டுவதற்கு முன்பே பிளேட்டை எலும்பின் மேல் வைத்து வளைத்து, துளை போட்டு, கழற்றி வைத்துவிட்டு, வெட்டி முடித்ததும் அதே துளைகளில் திருப்பி மாட்டுவார்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடியே பொருந்தும். இவருக்கு அப்படி முடியாது. ஊதியிருக்கும் எலும்பின் மேல் வளைத்தால் பிளேட்டும் அந்த வீக்கத்தின் வடிவத்திலேயே வரும். கட்டி போனாலும் கன்னம் புடைத்தபடியே இருக்கும். வெட்டி எடுத்த பிறகு வளைக்கலாம் என்றால், அங்கே வைத்துப் பார்க்க எலும்பே இருக்காது. ஆகவே கட்டி வராமல் இருந்திருந்தால் அந்தத் தாடை எப்படி இருந்திருக்குமோ அந்த மாதிரி ஒன்று வேண்டும். அதன் மேல் முந்தின நாளே பிளேட்டை வளைத்து வைத்துக்கொள்ளலாம். டாக்டர் கேட்டது இதைத்தான்.

ஸ்கேன் படங்களிலிருந்து இப்படி மாதிரி எடுக்க, இதற்கென்றே விற்கும் மென்பொருட்கள் இருக்கின்றன. பெல்ஜியத்தின் மெட்டீரியலைஸ் நிறுவனத்தின் மிமிக்ஸ் அவற்றில் பேர் பெற்றது. நம் அளவு பட்டறைக்கு அதன் விலை எட்டாது. நான் எடுத்துக்கொண்டது 3டி ஸ்லைசர். பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் அறுவை சிகிச்சைத் திட்டமிடல் ஆய்வகமும் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகமும் சேர்ந்து, 1998 வாக்கில் ஒரு முதுகலை ஆய்வு வேலையாக ஆரம்பித்தது அது. இன்றைக்கு முழுக்க இலவசம். மூல நிரலும் திறந்தே இருக்கிறது. பிரேசிலில் அரசு மருத்துவமனைகளின் தேவைக்காக 2001-இல் உருவாகத் தொடங்கிய இன்வெசாலியஸும் நல்ல மென்பொருள்தான். எலும்பை மட்டும் பிரித்து பிரிண்ட் போட வேண்டும் என்றால் அது ஸ்லைசரை விடச் சுலபம். எனக்கு இங்கே கண்ணாடிப் பிம்பம் எடுப்பது, துண்டுகளைப் பொருத்துவது எல்லாம் தேவைப்பட்டதால் ஸ்லைசருக்குப் போனேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே டாக்டரிடம் பேசி எழுத்தில் வைத்துக்கொண்டோம். 3டி ஸ்லைசர் ஆராய்ச்சிக்கான மென்பொருள்; மருத்துவப் பயன்பாட்டுக்கு அங்கீகாரம் பெற்றது இல்லை என்று அதை உருவாக்கியவர்களே தெளிவாகச் சொல்கிறார்கள். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவச் சாதனம் என்ற வரையறைக்குள் மென்பொருளும் வருகிறது. ஆகவே நான் கொடுப்பது பார்த்து வளைப்பதற்கான ஒரு மாதிரி மட்டும்தான். எங்கே வெட்டுவது, எத்தனை திருகு போடுவது என்ற முடிவெல்லாம் ஸ்கேனைப் பார்த்து டாக்டர் எடுப்பது. நோயாளியின் உடம்புக்குள் போகும் வெட்டு வழிகாட்டி எதையும் நான் செய்வதில்லை. அதற்கு உரிமம், பொருள் சோதனை, கிருமிநீக்கச் சோதனை என்று தனிப் பாதை இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். கையில் வந்தது ஒரு பிலிமும் ஒரு டிஸ்க்கும். டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே எல்லாம் ஜேபெக் படங்கள். கண்ணால் பார்க்க அது போதும், மாதிரி செய்ய ஆகாது. சிடி ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கெட்டியான எலும்புக்கு ஆயிரத்துக்கு மேல். ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு என்று இதைச் சொல்வார்கள். ஜேபெக்காக மாற்றும்போது அந்த எண் போய்விடுகிறது. ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்ற தகவலும் போய்விடுகிறது. பிலிமிலோ 5 மில்லிமீட்டருக்கு ஒரு படம். அதில் தாடை எலும்பின் வெளிச்சுவரே காணாமல் போய்விடும்.

திரும்ப ஸ்கேன் எடுப்பது என்றால் அவருக்கு வீண் கதிர்வீச்சு, வீண் செலவு. பல பேருக்குத் தெரியாத ஒன்று: மிஷின் எடுக்கும்போது மெல்லிய படங்களாகத்தான் எடுக்கிறது. பிலிமுக்காகத்தான் அவற்றைச் சேர்த்துத் தடிமனாக்குகிறார்கள். மெல்லிய படங்கள் கன்சோலில் கொஞ்ச நாள் இருக்கும். இடம் நிறைந்தால் அழித்துவிடுவார்கள். அதனால் தாமதிக்காமல் ஸ்கேன் சென்டருக்கு பென்டிரைவோடு போய், "சேட்டா, தின் ஸ்லைஸ் டிலீட் ஆக்கியோ?" (மெல்லிய படங்களை அழித்துவிட்டீர்களா?) என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். இருந்தது. மனுஷர் சலித்துக்கொள்ளாமல் இரண்டு தொகுதியாகவும் கொடுத்தார்: மென்திசுவுக்கான கெர்னலில் (ஸ்கேன் தரவைப் படமாக்கும் கணக்கு முறையைக் கெர்னல் என்பார்கள்) ஒன்று, எலும்புக்கான கூர்மையான கெர்னலில் ஒன்று. எலும்பு கெர்னல் படத்தில் மெல்லிய சுவரும் நரம்புக் கால்வாயும் நன்றாகத் தெரியும், ஆனால் புள்ளி புள்ளியாக இரைச்சல் அதிகம். மேற்பரப்பு எடுக்க மென்திசுத் தொகுதி, சந்தேகம் வந்தால் பார்க்க எலும்புத் தொகுதி என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் வேலை நன்றாக ஓடும்.

வந்த தரவு 0.625 மில்லிமீட்டர் இடைவெளியில் 320 படங்கள். ஒவ்வொரு படமும் 512க்கு 512 புள்ளி, புள்ளிக்கு இரண்டு பைட். ஆக ஒரு படம் அரை எம்.பி., மொத்தம் 160 எம்.பி. ஸ்லைசருக்குத் தரவைப் போலப் பத்து மடங்கு நினைவகம் வேண்டும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. என் லேப்டாப்பில் 16 ஜி.பி. இருப்பதால் தடங்கல் இல்லை. குறைவாக இருந்தால் கிராப் வால்யூம் போட்டு தாடையை மட்டும் நறுக்கி எடுத்துக்கொள்ளலாம். பெயர், வயது, பதிவு எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கேஸ் எண் மட்டும் வைத்த நகலில்தான் வேலை செய்தேன்.

ஏற்றும்போது இரண்டு எச்சரிக்கைகளைக் கவனியுங்கள். நகலெடுக்கும்போது நடுவில் ஒரு படம் விடுபட்டிருந்தால் இடைவெளி சீராக இருக்காது. அதைக் கவனிக்காமல் போனால் தாடை குட்டையாகவோ வளைந்தோ வரும். இன்னொன்று, மிஷினைச் சாய்த்து எடுத்த ஸ்கேன். தலை ஸ்கேனில் சிலர் சாய்ப்பது உண்டு. சாய்த்து எடுத்ததை நேராக அடுக்கினால் முகமே சரிந்த மாதிரி இருக்கும். இந்த இரண்டுக்கும் ஸ்லைசர் எச்சரிக்கை காட்டும், திருத்தவும் வழி வைத்திருக்கிறது. எச்சரிக்கைப் பெட்டியைப் படிக்காமல் ஓகே அழுத்தும் பழக்கம் இந்த வேலைக்கு ஆகாது.

ஏற்றியதும் வால்யூம் ரெண்டரிங்கில் எலும்புக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் மண்டையோடு அப்படியே திரையில் சுழலும். பார்க்க அற்புதமாக இருக்கும். யாரிடம் காட்டினாலும் அசந்துபோவார்கள். ஆனால் முடிவு எடுக்க வேண்டிய இடம் அது இல்லை. சுழலும் படத்தில் ஒரு சுவர் ஓட்டையாகத் தெரிந்தால், எலும்பே அரிக்கப்பட்டதா, நாம் வைத்த எண்ணால் மறைந்ததா என்று சொல்லவே முடியாது. சாம்பல் நிறத்தில், ஒவ்வொன்றாக, மூன்று திசையிலும் ஸ்லைஸ்களைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். வேலை நேரத்தில் பாதிக்கு மேல் எனக்கு அங்கேதான் போனது.

அடுத்தது, படத்திலிருந்து வேண்டிய பகுதியைத் தனியாகப் பிரிக்கும் செக்மென்ட் எடிட்டரில் திரெஷோல்டு. இன்ன எண்ணுக்கு மேல் இருப்பதெல்லாம் எலும்பு என்று சொல்வதுதான் திரெஷோல்டு. அந்த எண் எது என்பதில் இந்தப் பிரச்சினையின் உயிரே இருக்கிறது.

எலும்பின் ஓரம் இதுதான் என்று ஸ்கேனில் கோடு போட்டு வராது. பாதி எலும்பும் பாதி தசையுமாக இருக்கும் புள்ளிக்கு இரண்டின் சராசரி எண் கிடைக்கும். இவருக்குக் கெட்டி எலும்பு 1500 வாக்கில், தசை 50 வாக்கில். நடு எண் 775. தடித்த எலும்புக்கு உண்மையான ஓரம் அதையொட்டித்தான் இருக்கும். பல பாடக்குறிப்புகளில் சொல்வதுபோல 200, 250 என்று வைத்தால் மேற்பரப்பு ஒரு புள்ளியின் ஒரு பகுதி அளவுக்கு வெளியே தள்ளிப்போகும். இந்த ஸ்கேனில் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.39 மில்லிமீட்டர். சின்னதுதான், ஆனாலும் இரண்டு பக்கமும் சேரும்.

அப்படியானால் 775 வைத்துவிடலாமே என்றால், கட்டி இருக்கும் பக்கம் மொத்தமும் மறைந்துபோகிறது. அங்கே வெளிச்சுவர் முட்டை ஓடு மாதிரி மெலிந்துவிட்டது. ஒரு புள்ளியை விட மெல்லிய எலும்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஸ்கேனில் முழு எண்ணைக் காட்டாது; 300, 400 என்றுதான் வரும். திரெஷோல்டை ஏற்றினால் ஓட்டையாகிவிடும். மூட்டு முனையிலும் அதே கதை, அங்கேயும் வெளிச்சுவர் மெல்லியது.

ஒரே எண்ணால் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது. பிளேட் உட்காரப் போவது நல்ல எலும்பின் மேல். அங்கேதான் துல்லியம் வேண்டும். கட்டியின் ஓடு கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள மட்டும்தான். ஆகவே நல்ல எலும்புக்கு 600 வாக்கில் ஒரு செக்மென்ட், கட்டிப் பகுதிக்கும் மூட்டு முனைகளுக்கும் 250 வாக்கில் இன்னொரு செக்மென்ட் எடுத்துப் பிறகு சேர்த்தேன். 775-இல் நிறுத்தாமல் 600க்கு இறங்கியதற்குக் காரணம், முன்பற்களுக்குக் கீழே எலும்பு ஆங்காங்கே பிய்ந்து வந்ததுதான்.

எண் சரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கீழ்த்தாடையின் வெளிப்பக்கம், முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே ஒரு சின்னத் துவாரம் இருக்கும்; கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அதன் வழியாக வெளியே வருகிறது. மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் அகலம். திரெஷோல்டை இறக்க இறக்க அந்தத் துவாரத்தின் ஓரம் உள்ளே நகர்ந்து நகர்ந்து சுருங்குவதைத் திரையில் பார்க்கலாம். சுழலும் மாதிரியில் அதன் வாய் எவ்வளவு என்று பார்த்து, எலும்பு கெர்னல் ஸ்லைஸில் அளந்த அகலத்தோடு ஒப்பிட்டால், நாம் வைத்த எண் எலும்பைக் கொழுக்க வைக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். நல்ல வலது பக்கத்துத் துவாரத்தில் இதைப் பார்த்துத்தான் எண்ணை முடிவு செய்தேன்.

பற்கள் பக்கம் பொறுமையைச் சோதிக்கும் வேலை. வலது கடைவாய்ப் பல் ஒன்றுக்கு உலோக மூடி போட்டிருக்கிறார்கள். உலோகம் எக்ஸ்ரேயைத் தடுப்பதால் அந்த மட்டத்தில் படம் முழுக்க நட்சத்திரம் மாதிரிக் கீற்றுகள் சிதறி, வாய்க்குள்ளேயே எலும்பு முளைத்த மாதிரி ஆகிவிடும். கத்தரிக்கோல் கருவியால் பெரிய கீற்றுகளை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஸ்லைஸ் ஸ்லைஸாக அழிப்பான் வைத்துத் துடைத்தேன். கூடவே, ஸ்கேனின்போது அவர் வாயை இறுக மூடியிருந்ததால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஸ்கேன் எடுக்கும்போது பற்களுக்கு நடுவே ஒரு பஞ்சு உருளையைக் கடிக்கச் சொல்லியிருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது. காண்டைல் எனப்படும் தாடையின் மூட்டு முனைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே உள்ள மூட்டு இடைவெளியையும் கையால்தான் பிரிக்க வேண்டியிருந்தது. எல்லாம் பிரிந்த பிறகு ஐலண்ட்ஸ் கருவியில் பெரிய துண்டை மட்டும் வைத்துக்கொள் என்றால் தாடை தனியாகக் கழன்று வந்துவிடும். அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

இனி இடது பக்கத்தைத் திருத்த வேண்டும். வலது பாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி இடது பக்கம் வைப்பதுதான் அடிப்படை யோசனை. டைனமிக் மாடலர் என்ற பகுதியில், ஒரு தளத்தைக் குறித்துக் கொடுத்தால் அதற்கு எதிர்ப்புறமாக மாடலைத் திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. நடுத்தளத்தை எதை வைத்துக் குறிப்பது என்பதுதான் கேள்வி. கட்டி தள்ளியதில் தாடையே கொஞ்சம் ஒதுங்கியிருக்கலாம் என்பதால் தாடையின் நடுவை மட்டும் நம்ப முடியாது. நெற்றியும் மூக்கும் சேரும் இடம், மேல்தாடையில் மூக்கடி எலும்பு முனை, மண்டையோட்டு அடியில் பெரிய துவாரத்தின் முன் ஓரம் என்று கட்டி தொடாத இடங்களில் புள்ளி வைத்துத் தளம் எடுத்தேன்.

எடுத்தாலும், எந்த மனிதருக்கும் முகம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. திருப்பிய பாதியை அப்படியே ஒட்டினால் இடது காண்டைல் அவருடைய சொந்த மூட்டில் உட்காராது. அவருடைய இடது காண்டைலும், ராமஸின் (தாடையின் பின்பக்கம் மேல்நோக்கி எழும் எலும்பு) மேல்பகுதியும் நல்ல எலும்புதான், வெட்டப்படப் போவதும் இல்லை. பிளேட்டின் பின்முனை அங்கேதான் திருகப்படும். அதனால் அதைத் தொடக்கூடாது. திருப்பிய துண்டை அவருடைய சொந்த ராமஸ் மேலும், மோவாய்ப் பகுதி மேலும் படியுமாறு ஸ்லைசர் ஐ.ஜி.டி. என்ற கூடுதல் நீட்டிப்பில் உள்ள கருவியால் பொருத்தினேன். பிறகு கட்டி இருந்த நடுப்பகுதிக்கு மட்டும் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு, இரு பக்கமும் அவருடைய எலும்பையே விட்டேன். சேரும் இடங்களில் சின்னப் படிகள் இருந்தன. அவற்றை மட்டும் இழைத்தேன். மொத்த மாதிரிக்கும் ஸ்மூத்திங் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், தாடையின் விளிம்பு உருண்டுபோகும்.

பிரிண்டுக்கு முன் அளவுச் சோதனை. அச்சிட்ட மாதிரியை ஸ்லைசரில் அளந்த அளவோடு ஒப்பிடுவது பிரிண்டர் சரியா என்று மட்டும்தான் சொல்லும். ஸ்கேனிலேயே இடைவெளி தப்பாகப் பதிவாகியிருந்தால் இரண்டும் சேர்ந்தே தப்பாக இருக்கும், ஒப்பீடு அருமையாகப் பொருந்தும். ஸ்கேன் வழியாக வராத ஓர் அளவு வேண்டும். தாடைக்கு அது கையருகிலேயே இருக்கிறது: பல்லின் அச்சு. டாக்டரிடம் கேட்டு ஆல்ஜினேட்டில் அளவெடுத்து ஸ்டோன் பிளாஸ்டரில் வார்த்த கீழ்ப்பல் அச்சு ஒன்றை வாங்கிக்கொண்டேன். உலோகக் கீற்று படாத பற்களாகப் பார்த்து, முனைக்கு முனை வெர்னியரில் அளந்தேன். அகலத்துக்குக் கோரைப்பல்லிலிருந்து எதிர்ப்பக்கக் கோரைப்பல். உயரத்துக்கு ஒரு கோரைப்பல்லின் தலைப்பகுதி. உயரம் முக்கியம், ஏனென்றால் படங்களின் இடைவெளித் தப்பு அந்தத் திசையில்தான் வெளிப்படும். பிளாஸ்டருக்கும் மாதிரிக்கும் இருந்த வித்தியாசம் ஒரு புள்ளி அளவுக்குள் அடங்கியது. ஓ.பி.ஜி. பிலிமை (தாடை முழுவதையும் ஒரே படமாக விரித்துக் காட்டும் எக்ஸ்ரே) வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில் பெரிதாக்கிக் காட்டும்.

பிரிண்டுக்காக மாதிரியைச் சேமிக்கும் எஸ்.டி.எல். கோப்பில் அலகு எதுவும் எழுதியிருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்லைசர் மில்லிமீட்டரில்தான் எழுதுகிறது. அந்தப் பக்கம் திறக்கும் மென்பொருள் அங்குலமாக எடுத்துக்கொண்டால் தாடை இருபத்தைந்து மடங்காகும். அது உடனே தெரிந்துவிடும். இடது வலது மாறுவது அப்படித் தெரியாது, அதிலும் பிம்பம் திருப்பிய வேலையில். அதனால் வலது பக்க ராமஸின் உள்பக்கம் ‘வ’ என்று எழுத்தைக் குழித்துவிட்டேன்.

பிரிண்ட் செய்தது பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில், 0.2 மில்லிமீட்டர் அடுக்கில். பிரிண்டருக்குக் கோப்பைத் தயார் செய்யும் க்யூரா மென்பொருளில் மாதிரியைத் தலைகீழாக வைத்தேன்: பற்களும் மூட்டு முனைகளும் கீழே, தாடையின் அடிவிளிம்பு மேலே. தாங்கிகள் நிறையச் செலவாகும்தான். ஆனால் தாங்கி பிய்த்த வடு விழுவது பற்கள் பக்கம். பிளேட் படியும் அடிவிளிம்பும் வெளிப்பக்கமும் சுத்தமாக இருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு குறிப்பு. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீட்டுக்குள்ளேயே அடிக்கும். திறந்த சட்டப் பிரிண்டரில் காற்று பட்டால் ஓரம் கிளம்பிவிடும். ஜன்னலைச் சாத்தி, பிரிண்டரைச் சுற்றி அட்டை வைத்து, யூ.பி.எஸ்.ஸில் போட்டுத்தான் ராத்திரி ஓட விட்டேன்.

இரண்டு மாதிரி அச்சிட்டேன். ஒன்று கட்டியோடு இருக்கும் நிஜத் தாடை, இன்னொன்று திருத்தியது. முதலாவதன் மேல் டாக்டர் ஸ்கெட்ச் பேனாவால் வெட்டுக் கோடுகளைப் போட்டு, அதே இடங்களைத் திருத்தியதிலும் குறித்தார். பிளேட்டை வளைப்பதற்கு முன் மெல்லிய அலுமினியப் பட்டையை மாதிரியின் மேல் விரலால் அழுத்தி வடிவம் எடுத்து, அதைப் பார்த்துப் பிளேட்டை இடுக்கியில் வளைத்தார். வளைத்ததைத் திருப்பி வளைக்கவே கூடாது என்பதில் ரொம்பக் கண்டிப்பு. முன்னும் பின்னும் வளைத்த டைட்டானியம் களைத்துப்போய், மெல்லும் பாரத்தில் என்றைக்காவது அந்த இடத்தில் முறியும். அதனால் ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. தாடைக் கோணத்தில் "இவிடெ கொறச்சு கேப் உண்டல்லோ" என்று காட்டினார். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜை விட்டுப் பார்த்தேன், 0.5 மில்லிமீட்டர் தகடு நுழைந்தது. இன்னும் ஒரு அழுத்தம் கொடுத்ததும் நுழையவில்லை. வெட்டுக் கோட்டுக்கு இரு புறமும் குறைந்தது மூன்று திருகுத் துளை நல்ல எலும்பில் விழுகிறதா, முன்பக்கத் துளை எதுவும் பல் வேரிலோ நரம்பிலோ படுகிறதா என்று ஸ்லைஸ்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

அன்றைக்கு நோயாளியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அதுவரை அவர்களிடம் காட்டியதெல்லாம் கறுப்பு பிலிம்தான். அந்த அக்கா இரண்டு மாதிரியையும் கையில் வாங்கி, வீங்கிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இதை எடுத்தா மொகம் கோணிக்காதுங்களா?" என்று கேட்டார். டாக்டர் வளைத்த பிளேட்டைத் திருத்திய மாதிரியின் மேல் வைத்துக் காட்டி, எது போகும், எது இருக்கும், வெட்டிய இடத்தில் எலும்பு வைத்து ஒட்டுவது ஏன் பிறகு என்று நிதானமாகச் சொன்னார். அந்த அண்ணன் கேட்டதெல்லாம் எத்தனை நாளில் சோறு சாப்பிடலாம் என்பதுதான். இந்த மாதிரிகள் பிளேட்டுக்காகச் செய்தவை. ஆனால் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து போடுபவருக்கு, தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது கையில் பிடிக்கும்படி இருந்ததை நான் அதற்குக் குறைவில்லாத பயனாக நினைக்கிறேன்.

தியேட்டருக்கு ஆட்டோகிளேவ் ஆகிப் போனது பிளேட் மட்டும். பி.எல்.ஏ. 60 டிகிரி பக்கத்திலேயே இளகும். 121, 134 டிகிரி நீராவியில் வைத்தால் தாடை உருகிக் குழைந்துவிடும். மாதிரியை உறையில் போட்டு, கிருமிநீக்கம் செய்த மேஜைக்கு வெளியே, டாக்டர் கண்ணில் படும்படி நர்ஸ் வைத்திருந்தார். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி நிலையைப் பிடித்துக்கொண்டு, கட்டியை எடுத்த பிறகு பிளேட்டை வைத்திருக்கிறார்கள். பின்முனையில் மட்டும் ஒரு சின்ன வளைவு தேவைப்பட்டது என்று டாக்டர் சொன்னார். மிச்சம் அப்படியே உட்கார்ந்தது. பல் பொருத்தம் மாறவில்லை.

வேலை முடிந்தபின் அதே தரவில் டென்டல் செக்மென்டேட்டரை ஓட்டிப் பார்த்தேன். மேல்தாடை, கீழ்த்தாடை, மேல்பற்கள், கீழ்ப்பற்கள், நரம்புக் கால்வாய் என்று ஐந்தாகத் தானே பிரித்துக் கொடுக்கும் ஸ்லைசர் நீட்டிப்பு அது. பற்களைப் பிரித்ததில் நான் கையால் செய்ததை விடச் சுத்தம். உலோகக் கீற்றில்கூட ஏமாறவில்லை. கட்டி இருந்த இடத்தில் மட்டும் வெளிச்சுவரைப் பாதியில் விட்டுவிட்டது, கால்வாயும் அங்கே அறுந்து வந்தது. அடுத்த கேஸில் பற்களுக்கும் நல்ல பக்கத்துக்கும் அதில் தொடங்கி, கட்டிப் பக்கத்தை மட்டும் ஸ்லைஸ் ஸ்லைஸாகக் கையால் எடுப்பதாக இருக்கிறேன். அதற்கு முன்னாலேயே ஸ்கேனுக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிட டாக்டரும் நானும் ஒரு சீட்டு எழுதியிருக்கிறோம், மலையாளத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம்: ஒரு மில்லிமீட்டருக்குள் மெல்லிய படங்கள், மிஷின் சாய்வு வேண்டாம், இரண்டு கெர்னலும் ஜேபெக்காக இல்லாமல் அளவுத் தகவலோடு வரும் டைகாம் கோப்பாக, இரண்டு மூட்டும் படத்துக்குள், பற்களுக்கு நடுவே பஞ்சு.